நெருப்பை நினைத்து மாற்றிய தோட்டம்

தீ எங்கள் வீடு வரைக்கும் வரவில்லை. கீழே சரிவில், ஓடைக்கு அந்தப் பக்கத்திலேயே அணைத்துவிட்டார்கள். ஆனாலும் அன்று மாலை நான் வாளியும் கையுமாக ஓடினேன், எங்கள் படுக்கையறைச் சன்னலுக்கு அடியில் இருந்த பூப்பாத்திக்கு. எங்கிருந்தோ காற்றில் வந்த ஒரு கங்கு, சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது, பாத்தியில் நான் பரப்பி வைத்திருந்த மரப்பட்டைத் துருவலில் விழுந்திருந்தது. சுவாலை எதுவும் இல்லை, வெறும் புகை. தட்டளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் விரிந்து, அதன் விளிம்பு மட்டும் சிவப்பாகச் சுவரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியும் அடங்கவில்லை. மண்வெட்டியால் கிளறினால் அடியில் இன்னும் கனன்றது.

அந்த மூடாக்கைப் போட்டவன் நான்தான். மண் காயாது, களை முளைக்காது என்று போட்டது. வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு.

அடுத்த வாரமே 'எரியாத மரங்கள்' என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல் எழுத உட்கார்ந்தேன். இரண்டு கோடை கழிந்துவிட்டது. அந்தத் தாளில் இப்போது எழுதியிருப்பதைவிட அடித்திருப்பதுதான் அதிகம். எதை ஏன் அடித்தேன் என்பதை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் அடிபட்டது தலைப்பு. எரியாத மரம் என்று ஒன்று கிடையாது. போதிய சூட்டில் போதிய நேரம் வைத்தால் கள்ளியும் எரியும். நாற்றுப்பண்ணைக்காரர்கள் 'தீயைத் தாங்கும் செடி' என்று சொல்வதற்கு அர்த்தம், சட்டென்று பற்றாது, பற்றினாலும் மெதுவாக, குறைந்த சூட்டில் எரியும் என்பதுதான். அதுவும் அந்தச் செடிக்குத் தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்தால், காய்ந்த பாகங்களை யாராவது அகற்றிக்கொண்டிருந்தால். இந்த இரண்டு 'ஆல்'களையும் அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை.

இரண்டாவதாக, என் பயமே திசை தவறியிருந்தது. சுவர் போல எழும் நெருப்பு வந்து வீட்டை விழுங்கும் என்றுதான் நான் கற்பனை செய்திருந்தேன். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த ஜாக் கோஹன் இதைத்தான் ஆராய்ந்தார். 1990களின் பிற்பகுதியில் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் காட்டுக்கே தீ வைத்து, மரத்தால் செய்த சுவர்களை வெவ்வேறு தூரங்களில் நிறுத்திப் பார்த்தார்கள். காட்டின் விளிம்பிலிருந்து 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றிக்கொண்டன. 30 மீட்டரில் நின்றவை பற்றவே இல்லை. அப்படியானால் காட்டிலிருந்து தள்ளி நிற்கும் வீடுகள் எப்படி எரிகின்றன? பெரும்பாலும் கங்குகளால். அவை நெருப்புக்கு முன்னாலேயே காற்றில் பறந்து வந்து, கூரை விளிம்பில், மிதியடியில், சன்னலுக்கடியில் இருக்கும் சருகில் அமர்ந்து, ஆள் இல்லாத நேரத்தில் நிதானமாக வேலையைத் தொடங்குகின்றன. என் பூப்பாத்தியில் நடந்தது விபத்து இல்லை, வழக்கமாக நடப்பதே அதுதான்.

ஆகவே பட்டியலை மூடி வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தேன். காட்டுத்தீ அபாயமுள்ள இடங்களில் வீட்டைச் சுற்றி மூன்று வளையங்களாகப் பிரிப்பது வழக்கம்: சுவரிலிருந்து 5 அடி வரை ஒன்று, 5 முதல் 30 அடி வரை ஒன்று, 30 முதல் 100 அடி வரை ஒன்று. கலிபோர்னியாவில் இத்தகைய பகுதிகளில் 100 அடி வரை பராமரிப்பது சட்டப்படி கட்டாயம். நான் கயிறு கட்டி, வீட்டைச் சுற்றி 5 அடியில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கோட்டுக்கு உள்ளே இருந்தவற்றை எழுதினேன். மரப்பட்டைத் துருவல், சுவரோடு ஒட்டிய மல்லிகைக் கொடி, அது ஏறிய மரச்சட்டம், ரோஸ்மேரிப் புதர், எலுமிச்சைப்புல் தூர், துடைப்பத்துக்கென்று கட்டி வைத்த ஓலைக் குச்சிகள், காலிப் பூந்தொட்டிகளுக்கு இடையே இரண்டு வருடத்துச் சருகு. அடுப்பு மூட்டத் திட்டமிட்டு அடுக்கியிருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது.

இந்த ஐந்தடிக்குள் எந்தச் செடி வைக்கலாம் என்று தேடுவதை அன்றே விட்டுவிட்டேன். ஒன்றும் வைக்கக் கூடாது என்பதே என் முடிவு. துருவலை அள்ளி, சரளைக்கல் கொட்டினேன். மல்லிகையை வெட்டும்போது மனம் கேட்கவில்லை. வேரோடு தோண்டி, 20 அடி தள்ளி ஓர் இரும்புப் பந்தலில் ஏற்றினேன். பிழைத்துக்கொண்டது, பூவும் கூடுதலாகவே பூக்கிறது. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரம் எரிந்தபோது, சாம்பலுக்கு நடுவே சிவப்புக் கூரையோடு ஒரு பழைய மர வீடு மட்டும் நின்ற படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதன் உரிமையாளர்கள் அண்மையில்தான் கூரையைத் தகரமாக மாற்றி, சுவரை ஒட்டிய செடிகளை எடுத்துவிட்டுக் கூழாங்கல் பரப்பியிருந்தார்கள். செடிகளை எடுத்தது நெருப்பை நினைத்து இல்லை, கறையானை நினைத்து.

அடுத்து எடைத் தராசு. ஒரு செடியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைக் காட்டுத்தீ ஆய்வாளர்கள் அளக்கும் முறை எளிது. பச்சையாக எடை போட்டு, 100 டிகிரிக்குச் சற்று மேல் சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும். போன ஈரத்தைக் காய்ந்த எடையால் வகுத்தால் விழுக்காடு கிடைக்கும். காய்ந்த எடையால் வகுப்பதால் அது 100ஐத் தாண்டும்; முதலில் பார்த்தபோது கணக்கில் பிழை என்று நினைத்தேன். கலிபோர்னியக் குன்றுகளில் சாமிஸ் என்றொரு புதரை இப்படித் தொடர்ந்து அளக்கிறார்கள். அதன் ஈரம் 60 விழுக்காட்டுக்கு இறங்கினால் பெருந்தீக்கு இடமுண்டு என்று உஷாராகிவிடுவார்கள்.

சமையலறை அடுப்புப் பெட்டியில் நானும் செய்து பார்த்தேன். தோட்டத்தில் இருந்த ஒவ்வொன்றிலும் 100 கிராம். சோற்றுக்கற்றாழை மடல் காய்ந்ததும் 4 கிராம்தான் மிஞ்சியது. செம்பருத்தி இலை 22 கிராம். வேலியாக நின்ற துஜா என்ற ஊசியிலை வகைச் செடியின் பச்சைக் கிளை 44 கிராம். அதே துஜாவைக் கோடை முடிவில், தண்ணீர் காட்டாத பக்கத்திலிருந்து பறித்துக் காய வைத்தபோது 52 கிராம் நின்றது. அப்படியென்றால் ஈரம் 127 விழுக்காட்டிலிருந்து 92க்கு இறங்கியிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை.

இந்தச் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. துஜாவையும் ரோஸ்மேரியையும் உலர்த்தியபோது வீடு முழுக்க வாசனை. வெளியேறியது தண்ணீர் மட்டுமல்ல, எண்ணெயும்தான் என்று அர்த்தம். தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எண்ணெயையும் ஈரத்தின் கணக்கில் சேர்த்துவிடும். எண்ணெய்ப் பிடிப்புள்ள செடிக்கு வரும் எண்ணைச் சற்றுக் குறைத்தே நம்ப வேண்டும்.

பிறகு முற்றத்தில், காற்றில்லாத ஒரு காலையில், பக்கத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுக்கியில் ஒவ்வொரு தழையாகப் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டினேன். செம்பருத்தி சுருங்கிக் கறுத்தது, சுடரை விலக்கியதும் அணைந்தது. கற்றாழை உஸ்ஸென்று நுரைத்ததோடு சரி. துஜாவின் பச்சைக் கிளை இரண்டு நொடி தயங்கி, படபடவென்று பொரிந்து, இடுக்கியை நான் பின்னுக்கு இழுத்த பிறகும் எரிந்தது. ஒற்றை இலையை வைத்து ஒரு முழு மரத்தைத் தீர்ப்பிட முடியாது என்பது தெரியும். கிளைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, உள்ளே எவ்வளவு காய்ந்தது தங்கியிருக்கிறது என்பது இலையைவிட முக்கியம். இருந்தாலும் அந்தப் பொரியும் சத்தத்தைக் கேட்ட பிறகு வேலியைக் குறித்து வீட்டில் விவாதம் நடக்கவில்லை.

துஜா வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 40 அடி நீளம், ஆள் உயரம், பென்சில் சீவியது போல் கத்தரித்த பச்சைச் சுவர். எடுப்பது என்று முடிவான அன்று முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். வெளியிலிருந்து நான்கு விரற்கடை ஆழம்தான் பச்சை. அதற்கு அப்பால் முழுக்கப் பழுப்பு. வெளிச்சம் போகாத உள்பக்கத்தில் பல வருடத்துத் தழை காய்ந்து, கீழே விழ இடமில்லாமல் கிளைக்குக் கிளை தொங்கிக்கொண்டிருந்தது. கையை உருவியபோது சட்டைக் கை நிறையத் தூள். அந்தத் தூளையும் எடை போட்டேன். 100 கிராம் காய்ந்து 91 ஆனது. ஈரம் 10 விழுக்காடு என்றால் அது விறகு. நாம் கத்தரித்துக் கத்தரித்து வெளிப்பக்கத்தை அடர்த்தியாக்கும்போதெல்லாம் உள்பக்கத்தைக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான ஒரு செய்தியும் இருக்கிறது. 2012 கோடையில் ஸ்பெயினின் வலென்சியா பகுதியில், ஆந்தியாவில் பிடித்த பெருந்தீ சுற்றிலும் இருந்த மரங்களைக் கரியாக்கியபோது, சோதனைக்காக வளர்த்திருந்த மத்தியதரைக்கடல் சைப்ரஸ் மரங்களில் பெரும்பாலானவை எரியாமல் நின்றன. சைப்ரஸ், துஜாவின் உறவுக்கார மரம். இலையில் ஈரம் தங்குவது, மரத்தடியில் சருகு மெத்தையாக இறுகி ஈரம் பிடிப்பது என்று காரணம் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் சைப்ரஸ் வேலி வைக்கலாமே' என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அங்கே நின்றவை இடைவெளி விட்டு வளர்ந்த மரங்கள். அதே மரத்தை நெருக்கி நட்டு, கத்தரித்துச் சுவராக்கினால் உள்ளே என்ன சேரும் என்பதற்கு என் சட்டைக் கையே சாட்சி. மரத்தின் பெயரை மட்டும் வைத்துப் பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை போனது அப்போதுதான்.

அதற்குப் பிறகு நாற்றுப்பண்ணைக்குப் போனால் 'இது எரியுமா?' என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். 'இது எதை உதிர்க்கும், எப்போது உதிர்க்கும், உதிர்ந்தது எங்கே தங்கும்?' என்று கேட்கிறேன். வாங்க நினைக்கும் செடியின் முழு வளர்ச்சியடைந்த மரம் ஒன்று எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போய், அண்ணாந்து பார்ப்பதற்கு முன் குனிந்து அடியைப் பார்க்கிறேன். இலையைக் கசக்கி முகர்கிறேன். மூக்கைத் துளைத்தாலோ விரல் பிசுபிசுத்தாலோ அது வீட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டாம். சாறு பசையாக இல்லாமல் தண்ணீர் போல இருந்தால் நல்லது. பட்டை வழுவழுப்பாக இருக்கிறதா, நார் நாராக உரிகிறதா என்பதும் கணக்கு. கிளைகளுக்கு நடுவே வானம் தெரிந்தால் எனக்குப் பிடிக்கும்.

இந்தக் கேள்விகளோடு தோட்டத்தைச் சுற்றி வந்தபோது பழைய நண்பர்கள் பலர் சந்தேக ஆசாமிகளானார்கள். மூலையில் நின்ற பனை மரம் பச்சையாக இருக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் காவோலை விழாமல் தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கியது. தரையில் பிடித்த நெருப்பு உச்சிக்கு ஏற அதைவிட நல்ல படிக்கட்டு வேண்டாம், உச்சியில் பற்றினால் ஓலைத் துணுக்குகள் காற்றில் எங்கெங்கோ பறக்கும். மரத்தை வெட்டவில்லை. ஆள் வைத்துக் காவோலைகளை முழுக்க இறக்கினேன். வருடம் ஒரு முறை இறக்க வேண்டும். மூங்கிலை மட்டும் தயங்காமல் எடுத்தேன். அடியில் மட்டை மட்டையாக உரிந்த தோல், நடுவில் செத்த கழிகள், அதைச் சுத்தம் செய்ய உள்ளே நுழையவே முடியவில்லை. வாழைதான் வேடிக்கை. தண்டு என்னவோ தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றித் தொங்கும் சருகோ திரி. சருகை அறுத்துக்கொண்டே இருந்தால் 30 அடி வட்டத்தில் அதைவிட ஈரமான ஆள் இல்லை, ஒரு மாதம் மறந்தால் கதை வேறு.

பெரிய தலைவலி தைலமரம். வீட்டிலிருந்து 60 அடியில், நான் குடிவருவதற்கு முன்பே நின்ற மரம். இலையில் எண்ணெய், பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும், உரிந்தவை பற்றினால் காற்றில் வெகுதூரம் போய் விழும். 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து குன்றுகளில் பிடித்த தீயில் 25 பேர் இறந்தார்கள். அங்கே தைலமரங்களுக்கும் பைன் மரங்களுக்கும் அந்தத் தீயை வளர்த்ததில் பெரிய பங்கு இருந்தது. என் மரத்தை வெட்ட இரண்டு முறை ஆள் பேசி, இரண்டு முறையும் நிறுத்திவிட்டேன். அது தனியாக நிற்கிறது, சுற்றி 15 அடிக்குத் தரையைச் சுத்தமாக வைத்திருக்கிறேன், தொங்கும் பட்டையைக் கைக்கு எட்டும் உயரம் வரை உரித்துவிடுகிறேன். இது அறிவோடு எடுத்த முடிவா, பாசத்தில் எடுத்ததா என்று கேட்டால் என்னால் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. இன்னும் 30 அடி நெருங்கி நின்றிருந்தால் வெட்டியிருப்பேன்.

இனி என் முட்டாள்தனம். உற்சாகத்தில் கீழ்ச் சரிவில் இருந்த காய்ந்த புல், புதர் எல்லாவற்றையும் வேரோடு கொத்தி எடுத்து மொட்டையாக்கினேன். நெருப்பு மேட்டை நோக்கி ஏறும்போது வேகமெடுக்கும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஆஸ்திரேலியத் தீயணைப்புக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த பயம். முதல் பெரிய மழையில் சரிவின் மேல்மண் கரைந்து, நான் புதிதாகக் கொட்டிய சரளையின் மேல் சேறாக வந்து உட்கார்ந்தது. மூன்று நாள் அள்ளினேன். புல்லின் வேர் அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. வேரை விட்டுவிட்டு, காய்வதற்கு முன் நான்கு விரற்கடை உயரத்துக்கு அறுத்திருந்தாலே போதும். இப்போது அப்படித்தான் செய்கிறேன், மண்ணைப் பிடிக்க சரிவுக்குக் குறுக்கே கல்வரிசைகளும் வைத்திருக்கிறேன். அந்தக் கல்வரிசைகள் தரையில் ஊர்ந்து வரும் தீக்கும் தடையாகும் என்பதால் சேறு அள்ளிய வருத்தம் கொஞ்சம் ஆறியது.

நட்டவை எவை என்று இத்தனை நேரம் சொல்லாமல் இழுத்துவிட்டேன். முதல் வளையத்தில் எதுவும் இல்லை. இரண்டாம் வளையத்தில், கல் நடைபாதைகளுக்கு இடையே தீவு தீவாகச் சோற்றுக்கற்றாழை, பத்துமணிப்பூ, செம்பருத்தி, கல்வாழை. தரையை மூட ஐஸ் பிளான்ட் என்ற சதைப்பற்றுப் படர்கொடியைப் பலரும் சொன்னார்கள். கலிபோர்னியாவில் அதைச் சரிவுகளில் மண் பிடிப்புக்காக ஏராளமாக நட்டு, பிறகு அது கடற்கரையெல்லாம் பரவி உள்ளூர்ச் செடிகளை நெரித்து, இப்போது பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். தவிர, மேலே கொழுகொழுவென்று இருந்தாலும் அடியில் செத்த தண்டுகள் மெத்தையாகச் சேரும். வேண்டாம் என்று விட்டேன். அரளியும் பல பட்டியல்களில் வருகிறது. எல்லாப் பாகமும் நஞ்சு, புகையும் கெடுதல், உள்ளே காய்ந்த குச்சி சேரும் பழக்கமும் உண்டு. கவாத்து செய்த கழிவை என்ன செய்வது என்பதே பிரச்சினையாகும். அதையும் அடித்தேன்.

மரங்களில், வீட்டிலிருந்து 25 அடியில் ஓர் ஈழத்தலரி. கிளைகள் சதைப்பற்றோடு தடியாக, எண்ணி விடக்கூடிய அளவில்தான் இருக்கும். இலை பெரிது, விழுந்தால் கையால் பொறுக்கலாம். இது சின்ன விஷயமாகத் தோன்றும். சவுக்கின் ஊசி இலைகள் கல்லிடுக்கு, ஓட்டிடுக்கு எல்லாவற்றிலும் நுழைந்து உட்காரும்போதுதான் பெரிய இலையின் அருமை தெரியும். அதற்கு அப்பால் ஓர் அத்தி, இரண்டு எலுமிச்சை வகை மரங்கள். இவை தண்ணீர் பாயும்வரைதான் காவல். விட்டால் மற்ற மரங்களைப் போலத்தான். எலுமிச்சை இலையைக் கசக்கினால் வாசனை வருமே, ஈழத்தலரியிலும் அத்தியிலும் பிசுபிசுப்பான பால் வருமே என்று கேட்பீர்கள். வரும். என் விதிக்கு நானே கொடுத்த விலக்கு அது. தொடர்ந்து தண்ணீர் பாயும் இடம், அடிக்கிளை உயர்த்தியாகிவிட்டது, வீட்டிலிருந்து தூரம் என்று மூன்று காரணங்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆலமரம் வைக்கச் சொல்லி ஒரு நண்பர் வற்புறுத்தினார். லஹைனாவில் 1873இல் நட்ட ஆலமரம் அந்தத் தீயில் கருகி, சில வாரங்களில் மீண்டும் துளிர்விட்டது உண்மைதான். தீயிலிருந்து வீட்டைக் காப்பாற்றி ஆல வேருக்குக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். மரங்களையே அரணாக நடும் யோசனை ஒன்றும் கிறுக்குத்தனமல்ல, சீனாவின் தெற்கில் ஷிமா சூபர்பா என்ற பசுமை மாறாத மரத்தை மலை முகடுகளில் பட்டை பட்டையாக நட்டுத் தீத்தடுப்புக் கோடுகளாகவே பயன்படுத்துகிறார்கள். அது காட்டுக்கான ஏற்பாடு, என் கொல்லைக்குப் பொருந்தாது.

எந்தச் செடி என்பதைவிட எவ்வளவு தள்ளி என்பதில்தான் கூடுதல் நேரம் செலவழித்தேன். மரத்துக்கு அடியில் புதர் இருந்தால், புதரின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு இடைவெளி புதர் உச்சிக்கும் அடிக்கிளைக்கும் நடுவே வேண்டும் என்பது கணக்கு. செம்பருத்தி 4 அடி வளர்ந்தால் மேலே 12 அடி காலியாக இருக்க வேண்டும். ஆகவே மரத்தடியில் செம்பருத்திக்கு இடமில்லை என்று எளிதாக முடிந்தது. மரத்தின் தலைக்கும் அடுத்த மரத்தின் தலைக்கும் சமதளத்தில் 10 அடி, செங்குத்தான சரிவில் 30 அடி வரை விடச் சொல்கிறார்கள். இதை நடும்போது கன்றின் அளவை வைத்துக் கணக்கிடக் கூடாது, வளர்ந்த மரத்தின் அகலத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். குச்சி நட்டுக் கயிறு கட்டி, வருங்கால மரத்தின் வட்டத்தைத் தரையில் வரைந்து பார்த்தேன். வாங்கி வந்த 9 கன்றுகளில் 4க்குத்தான் இடம் தேறியது. மீதி 5 நண்பர்கள் வீட்டுக்குப் போயின.

மூடாக்கு இல்லாமல் செடிகள் வாடின என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழக விரிவாக்கத் துறை எட்டு வகை மூடாக்குகளை எரித்துப் பார்த்து 2011இல் முடிவை வெளியிட்டது. எட்டும் எரிந்தன. மக்கிய மரச்சில்லுகள் மட்டும் பரவாயில்லை என்ற அளவில் தேறின. ரப்பர்த் துருவலும் பைன் ஊசியும் நாராகச் சீவிய ரெட் செடார் மரமும் மிக மோசம். ஆகவே சுவரை ஒட்டிச் சரளை, அதற்கு அப்பால் செடியின் தூரைச் சுற்றி மட்டும் மக்கிய சில்லு, அதுவும் தொடர்ச்சியாக இல்லாமல் திட்டுத் திட்டாக, சொட்டு நீர்க் குழாயின் வாய் அதன் மேலேயே சொட்டும்படி. சரளையில் ஒரு குறை, வெயிலில் சூடேறி ஓரச் செடிகளை வாட்டுகிறது. ஓரத்தில் கற்றாழையை மட்டும் வைத்தபின் புகார் இல்லை.

இப்போது வேலை எப்படி இருக்கிறது? வெளியூர் போகாத வாரங்களில் ஞாயிறு காலை ஒரு மணி நேரம். கூரைத் தண்ணீர் வழியும் தகரக் கால்வாயில் சருகு தள்ளுவது முதலில். அதன் மேல் கம்பிவலை போட்டும், வலையின் மேலேயே சருகு தங்குவதால் ஏணி ஏறாமல் தப்ப முடியவில்லை. பிறகு சரளை மேல் வாரியல். சரளையின் மேல் சருகு கூட்டுவது எவ்வளவு எரிச்சல் என்பதை எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. வாரியல் பட்டால் கல்லும் சேர்ந்து வருகிறது. பல் அகலமான இரும்பு வாரியை மாற்றி, அப்புறம் கையால் பொறுக்கி, கடைசியில் பெரிய கற்களாக மாற்றிவிட்டேன். முட்டையளவுக் கூழாங்கல் என்றால் வாரியலுக்கு அசையாது. முதலிலேயே அதைப் போட்டிருக்கலாம்.

வீட்டின் கிழக்குப் பக்கம் மட்டும் இன்னும் முடியவில்லை. அங்கே என் சுவருக்கும் எல்லைக்கும் நடுவே 7 அடிதான். எல்லைக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பெரியவரின் துஜா வேலி, நான் எடுத்ததன் இரட்டைப் பிறவி. ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன்.

"பச்சைப் பசேல் என்று இருக்கிறதே தம்பி, இதில் எரிய என்ன இருக்கிறது?" என்றார்.

"கையை உள்ளே விட்டுப் பாருங்கள் ஐயா."

விட்டார். உருவி, உள்ளங்கையில் இருந்த பழுப்புத் தூளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டு, பேரன் பிறந்த வருடம் நட்டது என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஏணி போட்டு, என் பக்கம் சாய்ந்திருந்த இரண்டு அடியை மட்டும் அவரே கவாத்து செய்திருந்தார். வெட்டிய இடத்தில் உள்பக்கப் பழுப்பு முழுக்கத் தெரிகிறது, துஜா பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது, இனி அது அப்படியேதான் இருக்கும். காற்றடித்தால் அதிலிருந்து உதிர்வது என் கூழாங்கல் மேல்தான் விழுகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை கூட்டுகிறேன்.